முழங்கால் ‘நழுவும்’ மாணவியைக் கோயில் கொடைப் போட்டியில் ஆடவிடலாமா?

கேள்வி கேட்டவர்: நாங்குநேரி உடற்கல்வி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நாங்குநேரி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். மாலைதோறும் 14 மாணவியரும் 16 மாணவரும் என்னிடம் கபடி பயில்கிறார்கள். இரண்டு மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சிக்கலை, விவரமறிந்தவர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பொங்கலையொட்டிப் பக்கத்து ஊரில் நடந்த மின்னொளிக் கபடிப் போட்டியில், எங்கள் அணியின் முதன்மை ரைடரான (எதிரணிப் பகுதிக்குள் பாடிச் செல்பவர்) பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு வலது முழங்காலில் அடிபட்டது. அடிபட்டது என்று எழுதுகிறேனே தவிர, அவளை யாரும் தொடவே இல்லை. போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கித் திரும்புவதற்காக வலது காலை ஊன்றினாள். ஊன்றிய பாதம் மேட் விரிப்பில் ஒட்டியதுபோல் நிற்க, உடல் மட்டும் திரும்பியது. முழங்கால் உட்பக்கமாக மடங்க, அப்படியே சரிந்துவிட்டாள். காய்ந்த சுள்ளி ஒடிவதைப் போன்ற ஓசை காலுக்குள் கேட்டதாகப் பின்னர் சொன்னாள். இரண்டு மணி நேரத்திற்குள் முழங்காலில் மூட்டுச்சில்லு இருக்கும் இடமே தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது.

மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை. அதனால் வீட்டார் அவளை எலும்பு வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றனர். அவர் மூங்கில் பத்தை வைத்து எண்ணெய்க் கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்துப் பிரித்தார். இப்போது வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. நேராக ஓடவும் செய்கிறாள். ஆயினும், கோயில் தெப்பக்குளத்தின் படிகளில் இறங்கும்போதும் சட்டெனத் திரும்பும்போதும் முழங்கால் ‘நழுவுவதாக’ என்னிடம் மட்டும் சொல்கிறாள். வீட்டில் சொன்னால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சுகிறாள்.

சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வருகிறது. அதையொட்டி நடக்கும் போட்டியில் அவள் ஆடியே தீரவேண்டும் என்று ஊர் இளைஞர்கள் நிற்கிறார்கள். அவளுடைய தந்தையோ, “நல்லாத்தான நடக்கா, பொறவு ஏன் சார் அவள வெளிய உக்கார வைக்கிய?” என்று கேட்கிறார். அதற்குச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. மனத்தில் ஒரு தயக்கம் மட்டுமே இருக்கிறது. அவளை ஆடவிடலாமா? மற்ற மாணவியருக்கு இப்படி நேராமலிருக்க நான் என்ன செய்ய வேண்டும்? உண்மையைச் சொன்னால், மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டுவிட்டு நேரே ஆட்டத்தைத் தொடங்குவதுதான் எங்கள் வழக்கம்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். போன வாரம் மாலைப் பயிற்சியின்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மயங்கி விழுந்தான். முகத்தில் சோடாவைத் தெளித்து, கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தோம். சில நிமிடங்களில் எழுந்துவிட்டான். எடைப் பிரிவுப் போட்டிக்காக முந்தைய நாளிலிருந்தே அவன் உண்ணாமலும் தண்ணீர் குடிக்காமலும் இருந்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுமொழி: பாளையங்கோட்டை இயன்முறை மருத்துவர்

ஐயா, வணக்கம். நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: கொடைப் போட்டியில் அவளை ஆடவிடாதீர்கள். காலைத் தொட்டுப் பார்க்காமல் நோயை உறுதிசெய்வது முறையன்று. ஆயினும், யாரும் மோதாமலேயே திரும்பும்போது சரிந்தது, உள்ளே கேட்ட ஓசை, இரண்டு மணி நேரத்துக்குள் வந்த பெருவீக்கம், இப்போதைய நழுவல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநாரின் கிழிவாகத்தான் இருக்கும். அவ்வளவு விரைவாக வரும் வீக்கம் பெரும்பாலும் மூட்டுக்குள் கசிந்த இரத்தத்தால் உண்டாவது. சாதாரணச் சுளுக்கில் வீக்கம் மெல்லத்தான் ஏறும்.

நம் பக்கத்தில் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் முழங்காலுக்குள் நாம் ஜவ்வு என்று அழைப்பவை இரு வேறு பொருள்கள். ஒன்று, எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் கயிறு போன்ற தசைநார், ஏ.சி.எல். அத்தகையது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், பாதம் ஊன்றியிருக்கும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளாமலும் அது தடுக்கிறது. மற்றொன்று, இரு எலும்புகளுக்கும் நடுவே மெத்தை போலக் கிடக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு. கயிறு அறுந்த காலோடு ஆடினால், ஒவ்வொரு நழுவலின்போதும் அந்த மெத்தை நசுங்கிக் கிழியக்கூடும். அது போய்விட்டால் 30 வயதுகளிலேயே மூட்டுத் தேய்மானத்தோடு வாழ நேரிடலாம். தந்தையாரிடம் சொல்லத் தங்களுக்குக் காரணம் வேண்டுமென்றால், இதைச் சொல்லுங்கள். நேராக நடப்பதற்கும் ஓடுவதற்கும் அந்தக் கயிறு அதிகம் தேவைப்படாது, திரும்புவதற்குத்தான் தேவை. கபடியோ, 30 நொடிக்குள் போய்த் திரும்பும் ஆட்டம்.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், தசைநாரைக் காட்டாது. ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்பதை ‘காலில் ஒன்றுமில்லை’ என்று புரிந்துகொள்வதுதான் நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் பிழை. பழகிய கையுடைய எலும்பியல் மருத்துவர் முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, கீழ்க்கால் எலும்பை முன்னோக்கி இழுத்துப் பார்த்தே தளர்ச்சியை அறிந்துவிடுவார். அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மெத்தையின் நிலையைத் தெரிந்துகொள்ள எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பியல் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எலும்பு வைத்தியரை நான் குறை சொல்லப் போவதில்லை. காலை அசையாமல் வைத்ததால் வீக்கமும் வலியும் வடிந்தன. கட்டே போடாமல் இருந்திருந்தாலும் ஆறு வாரத்தில் அவை வடிந்திருக்கும். ஆனால் அந்த ஆறு வாரத்தில் முன்தொடைத் தசை கரைந்திருக்கும். ஒரு தையல் நாடாவை எடுத்து, மூட்டுச்சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே இரு தொடைகளின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். வேறுபாட்டைக் கண்ணால் கண்டால் மாணவிக்கும் வீட்டாருக்கும் புரியும்.

கிழிவு உறுதியானால் எல்லாருக்கும் அறுவை சிகிச்சை கட்டாயம் என்பதில்லை. எனினும், திரும்புதலும் தாவுதலும் நிறைந்த ஆட்டத்துக்கே மீண்டும் போக விரும்பும் இளையோருக்குப் பொதுவாக அதைத்தான் பரிந்துரைப்பார்கள். அதற்கு முன்பே காலை முழுமையாக நீட்டி மடக்கவும், தொடைத் தசையை வலுவாக்கவும் பயிற்சி தொடங்கிவிட வேண்டும். அறுவைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதம் ஆகும். 2016-இல் வெளியான டெலாவேர்–ஆஸ்லோ ஆய்வில், 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. நாள்கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக்காலில் தாவும் தூரத்திலும் தொடை வலுவிலும் அடிபட்ட கால், நல்ல காலின் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும்.

மறுமொழி: திசையன்விளை முன்னாள் கார்னர் (கபடியில் ஓரத்தில் நின்று பிடிப்பவர்)

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். இயன்முறை மருத்துவர் அண்ணாச்சி எழுதியதைப் படித்தபோது என் கால் எனக்கு ஒருமுறை வலித்தது. நானும் இதே கதைக்காரன்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் என் இடது முழங்கால் முறுக்கிக்கொண்டது. மூன்று வாரம் கழித்து ஒரு கொடைப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு முன், அமைப்பாளர்கள் அழைத்து வந்திருந்த ஒருவர் மூட்டில் ஊசி போட்டார். என்ன மருந்து என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. வலி அடியோடு மறைந்தது, கோப்பையையும் வென்றோம். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. அதற்குப் பின் நான் களத்தில் இறங்கவே இல்லை. இன்றைக்கு 43 வயதில், தரையில் அமர்ந்து சாப்பிட்டால் கையை ஊன்றித்தான் எழ முடிகிறது. வலி என்பது காவலுக்கு நிற்கும் நாய். அன்றைக்கு அதன் வாயைக் கட்டிவிட்டுத்தான் என்னை ஆட வைத்தார்கள்.

தங்கள் இரண்டாவது கேள்விக்கு ஆடியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். நாங்கள் தேரி மண்ணிலும் செம்மண்ணிலும் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர்கள். மண்ணில் திரும்பினால் கால் சற்று வழுக்கிக்கொண்டே திரும்பும். மேட் விரிப்பில் ஷூ பிடித்துக்கொள்ளும்; கால் நின்றுவிட, முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். ஆண்டு முழுவதும் மண்ணில் வெறுங்காலோடு பழகிவிட்டு, போட்டி நாளன்று மட்டும் புது ஷூவோடு மேட்டில் இறங்குவதுதான் எங்கள் பக்கத்தில் பல முழங்கால்களைத் தின்கிறது என்பது என் கணிப்பு. வாரத்துக்கு இரண்டு நாளாவது மேட்டில் பழக வழி செய்யுங்கள். மண் களமானால், ஆட்டத்துக்கு முன் அணியினரை வரிசையாக நிற்க வைத்துக் கல்லும் கண்ணாடிச் சில்லும் கருவேல முள்ளும் பொறுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான்.

ஆனால் எலும்பு வைத்தியர் பேச்சில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. கணுக்கால் பிசகியபோதெல்லாம் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் எண்ணெய் தடவி நீவிவிட்டே என்னை எழுப்பிவிட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஹைகிரவுண்டுக்கு ஓட முடியுமா?

மறுமொழி: பாளையங்கோட்டை இயன்முறை மருத்துவர்

அண்ணாச்சி, தாங்கள் கேட்பது நியாயம். எல்லாக் கணுக்காலுக்கும் ஓட வேண்டியதில்லை. எதற்கு ஓட வேண்டும் என்பதற்கு 1992-இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் எளிய விதி ஒன்றை வகுத்தார்கள். அடிபட்ட உடனேயும் பிறகு பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பில் கீழிருந்து 6 செ.மீ.க்குள் எலும்பின்மேல் அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உட்புறம் பாதவளைவின் மேலுள்ள எலும்பையும் அதே போல அழுத்திப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் சுளுக்குத்தான்.

நீவுவதில் எனக்கு உடன்பாடில்லாதது அதன் வேளை. அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில் அழுத்தித் தேய்த்தால் உள்ளே இரத்தக்கசிவு கூடும். அந்த நாள்களில் சுமையைக் குறைத்து, இறுக்காமல் கட்டி, காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்தாலே போதும். வலிக்கு ஐஸ் வைக்கலாம். துணியில் சுற்றி 15 நிமிடத்துக்கு மேற்படாமல் வைக்க வேண்டும். ஐஸ் குணப்படுத்துகிறது என்று நாங்கள் படித்த காலத்தில் கற்பித்தார்கள். ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்துதல் என்ற வாய்பாட்டை 1978-இல் பரப்பிய மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இரண்டு நாள் கழிந்ததும், வலி அனுமதிக்கும் அளவுக்குக் காலை அசைக்கத் தொடங்கிவிட வேண்டும். ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுமுறையும் பிசகுவதற்குக் காரணம், ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியை யாரும் செய்யாததுதான்.

இனி வாத்தியார் ஐயாவின் வார்மப் (ஆட்டத்துக்கு முன் உடலைத் தயார்செய்யும் பயிற்சி) கேள்விக்கு வருகிறேன். பெண்களுக்கு ஏ.சி.எல். கிழிவு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக நேர்கிறது. தாவி இறங்கும்போதும் திரும்பும்போதும் முழங்கால் உட்புறமாகச் சாய்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இதைப் பயிற்சியால் திருத்த முடியும். கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய ‘11+’ என்ற 20 நிமிட வார்மப்பை நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,900 பெண்களிடம் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் ஆடியவர்களைவிட அதைச் செய்தவர்களுக்கு மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைவாக இருந்தன. ஆய்வு கால்பந்தில் நடந்தது என்றாலும் முழங்கால் ஒன்றுதான்.

முதல் 8 நிமிடம் மெல்லோட்டம். இடையிடையே இடுப்பைத் திறந்து மூடுவதும், பக்கவாட்டில் நகர்வதும், இணையோடு தோள் மோதித் தாவுவதும் வரும். அடுத்த 10 நிமிடம்தான் உயிர். முழங்கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துவது, ஒற்றைக்காலில் நிற்பது, உட்கார்ந்தெழுவது, தாவி இறங்குவது எல்லாம் இதில் அடங்கும். முழந்தாளிட்டு நிற்க, இணையாளர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை வளைக்காமல் முன்னோக்கி மெல்லச் சாயும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பின்தொடைத் தசைக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி அது. கடைசி 2 நிமிடம் விரைந்து ஓடி, காலை ஊன்றித் திரும்புவது. மாணவியர் தாவி இறங்குவதை எதிரே நின்று கைப்பேசியில் படமெடுத்து அவர்களுக்கே காட்டுங்கள். முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே சாய்வதைத் தானே பார்த்த பெண்ணுக்கு, ‘முழங்கால் பாதத்துக்கு நேரே’ என்று ஒருமுறை சொன்னால் போதும்.

மறுமொழி: அரசு மருத்துவர், சேரன்மகாதேவி வட்டாரம்

முழங்காலைப் பற்றி மேலே சொன்னதற்கு நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் ஐயா, தாங்கள் கடைசிப் பத்தியில் ‘இன்னொன்றையும் சேர்த்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதற்கேள்வியாகப் படுகிறது. கிழிந்த முழங்காலோடு ஒருவர் அறுபது ஆண்டு வாழலாம். இதில் தவறினால் அதே மாலையில் உயிர் போகும்.

களத்தில் ஒருவர் சாய்ந்தால் முதலில் தோளைத் தட்டி அழையுங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பதிலும் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் அது இதயம் நின்றதாகவே கொள்ளப்பட வேண்டும். அந்த நிலையில் சில நொடிகள் கைகால் வெட்டி இழுக்கலாம். மீனைப்போல வாயைத் திறந்து மூடலாம். அதை வலிப்பு என்று எண்ணிக் கையில் இரும்பைத் திணித்துக்கொண்டிருந்தால், திரும்பிவராத நிமிடங்கள் அதில் கழிந்துவிடும். ஒருவர் 108-க்கு அழைக்க, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தத் தொடங்க வேண்டும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே சரிந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் பிழைத்ததற்கு, களத்திலேயே நெஞ்சை அழுத்தி மின்னதிர்ச்சி கொடுத்ததுதான் காரணம்.

மூச்சு இருக்கிறது, ஆனால் உடல் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொல்கிறான், தள்ளாடுகிறான் என்றால் அது வெப்பவாதம். உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கும்; நெற்றியிலும் அக்குளிலும் வைக்கும் வெப்பமானிகளை இந்த நேரத்தில் நம்பக் கூடாது. இதற்கு விதி ஒன்றே: முதலில் குளிர்வித்தல், பிறகு வண்டி. எங்கள் பகுதியில் ஒரு களத்தில் இப்படிச் செய்தோம்: ஒரு தார்ப்பாயை நான்கு பேர் நான்கு மூலையிலும் தூக்கிப் பிடிக்க, நடுவில் பையனைக் கிடத்தி, இரண்டு குடம் தண்ணீரையும் மீன்கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த ஐஸையும் கொட்டி, தொட்டில்போல் ஆட்டிக்கொண்டே இருந்தோம். தலை மட்டும் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். 15 நிமிடத்துக்குள் பெயரைச் சொல்லத் தொடங்கினான். அரைமணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ உறுதி. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சோடாவும் கூடாது.

உங்கள் மாணவன் சில நிமிடத்தில் எழுந்ததைப் பார்த்தால், நீரிழப்பால் வந்த எளிய மயக்கமாகவே தோன்றுகிறது. ஆயினும் ஒரு விவரம் கேட்டறியுங்கள்: ஓடி முடித்து நின்றபின் விழுந்தானா, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தானா? இரண்டாவது என்றால், அல்லது குடும்பத்தில் 50 வயதுக்கு முன் திடீரென இறந்தவர் யாரேனும் இருந்தால், இதயத்துக்கான இ.சி.ஜி.யும் எக்கோ ஸ்கேனும் எடுக்கும்வரை அவனைப் பயிற்சிக்கு அழைக்காதீர்கள்.

எடைக்காகத் தண்ணீரைக் கைவிடுவதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். 1997-இன் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர், ஐந்து வாரத்துக்குள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். மூவருமே உணவையும் நீரையும் தவிர்த்து, வியர்வை பெருக உழைத்து, எடை குறைக்க முயன்றவர்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகளை மாற்றினார்கள். நம் ஊரில் பங்குனி வெயிலில் எச்சில் துப்பியும் மழைக்கோட்டுப் போட்டு ஓடியும் எடை குறைக்கும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் வளர்கிற பையன். அவன் எடைப் பிரிவுக்கு ஏற்பச் சுருங்க வேண்டியவன் அல்லன். அவனை அடுத்த பிரிவில் சேர்த்துவிடுங்கள், தோற்றால் தோற்கட்டும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. உப்பிட்ட மோரும் நீராகாரமும் நம்மிடம் இருக்கும்போது புட்டிப் பானங்களுக்குச் செலவிட வேண்டியதில்லை. கோடை விடுமுறைக்குப் பின் பயிற்சியைத் தொடங்கும்போது, வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் கொடுத்து மெல்லக் கூட்டுங்கள்.

தலையில் அடி பற்றி யாரும் கேட்கவில்லை. ஆயினும் பிடியின்போது தலையும் முழங்காலும் மோதாத கபடி உண்டா? மோதியபின் திகைத்து நின்றாலோ, எண்ணிக்கையை மறந்தாலோ, அன்று ஆட்டம் அவ்வளவுதான். எத்தனை வேண்டினாலும் மீண்டும் இறக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் ஓய்வு. பிறகு படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது இடைவெளி விட்டு ஏற வேண்டும். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

திசையன்விளை நண்பர் சொன்ன ஊசியைப் பற்றி ஒரு வரி: மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 முதல் போட்டிக்காலத்தில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது, டிராமடால் என்ற வலிநிவாரணி 2024 முதல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பெரிய போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகள், பெயர் தெரியாத ஊசிக்குக் கை நீட்டக் கூடாது.

மறுமொழி: கோவில்பட்டித் தாய்

மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், ஹாக்கி ஆடுகிறாள். ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் இருக்கும், அது நல்ல அறிகுறி என்று உடன் ஆடும் பெண்கள் சொல்கிறார்களாம். ஒரு மாதமாகக் கீழ்க்கால் எலும்பில் ஓரிடத்தில் வலிக்கிறது என்கிறாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி: அரசு மருத்துவர், சேரன்மகாதேவி வட்டாரம்

அம்மா, தொடர்பு இருக்க வாய்ப்பு மிகுதி. அது நல்ல அறிகுறி அன்று. ஆட்டத்தில் செலவழியும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிடாதபோது, உடல் உயிருக்குத் தேவையானவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துகிறது. மாதவிலக்கு முதலில் நிற்பவற்றுள் ஒன்று. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இலிருந்து இதைத் தனியொரு நோய்க்கூறாகவே வகுத்து எச்சரித்து வருகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். ஓரிடத்தில் விரலால் சுட்டிக்காட்டக்கூடிய எலும்பு வலி, மயிரிழை முறிவாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். இப்போதைக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டு இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிலக்கு நின்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றையும் அவர் ஆராய்வார்.

ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ‘முன்புபோல் ஓட மாட்டேன் என்கிறாள், சோம்பல்’ என்று நாம் திட்டும் பெண்களில் பலருக்கு இருப்பது சோம்பல் அன்று. காலையில் வெறும் வயிற்றோடு அவள் மைதானத்துக்குப் போகிறாளா என்பதையும் கவனியுங்கள்.

மறுமொழி: நாங்குநேரி உடற்கல்வி ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். தேர்வுப் பணியும் கொடையும் முடிந்த பின்தான் நேரம் கிடைத்தது.

மாணவியை அவளுடைய தந்தையோடு ஹைகிரவுண்டுக்கு அழைத்துச் சென்றேன். இயன்முறை மருத்துவர் எழுதியபடியே, மருத்துவர் முழங்காலை இழுத்துப் பார்த்த ஒரு நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். பிறகு எடுத்த ஸ்கேனில் ஏ.சி.எல். முழுவதும் கிழிந்திருப்பதும், உட்புற மெத்தையின் ஓரத்தில் ஒரு கீறல் இருப்பதும் தெரிந்தன. அந்தக் கீறல் அடிபட்ட அன்று விழுந்ததா, அதற்குப் பின் நான் அவளை மெல்ல ஓடவிட்ட நாள்களில் விழுந்ததா என்று கேட்டேன். சொல்ல இயலாது என்றார். அந்த விடையோடு இன்னும் சில காலம் நான் இருக்க வேண்டியிருக்கும்.

தந்தையிடம் படத்தைக் காட்டி மருத்துவர் விளக்கியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும் பேருந்தில், “கொடைக்கு ஆடியிருந்தா என்ன சார் ஆயிருக்கும்?” என்று மட்டும் கேட்டார். முன்னாள் கார்னர் அண்ணாச்சியின் கதையை அவரிடம் சொன்னேன். தங்கள் அனுமதியைக் கேளாமல் சொன்னதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை வைகாசியில். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான தாள்களை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கொடுத்திருக்கிறோம்.

கொடைப் போட்டியில் அவள் மேசையில் அமர்ந்து புள்ளிக் கணக்கு எழுதினாள். முதல் ஆட்டத்தில் அழுதாள். இரண்டாம் ஆட்டத்தில் நடுவரோடு சண்டை போட்டாள். காலிறுதியில் தோற்றோம்.

மயங்கிய மாணவன் ஓடி முடித்து நின்றபின்தான் விழுந்திருக்கிறான், ஆயினும் இ.சி.ஜி. எடுத்தோம், இயல்பாக இருந்தது. அவன் இப்போது ஒரு பிரிவு மேலே ஆடுகிறான், எல்லா ஆட்டத்திலும் தோற்கிறான், மதியம் சத்துணவில் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுகிறான். உரக்கடைக்காரர் பழைய தார்ப்பாய் ஒன்றைத் தந்திருக்கிறார். ஐஸுக்கு நாங்குநேரியில் சொல்லி வைத்திருக்கிறேன். 20 நிமிட வார்மப்பைத் தொடங்கிவிட்டோம். முழந்தாளிட்டுச் சாயும் பயிற்சியில் முதல் நாள் பாதிப்பேர் முகம்குப்புற விழுந்தார்கள். இயன்முறை மருத்துவர் அதற்கு எளிய படி ஏதும் இருந்தால் எழுத வேண்டும்.

தொடையை அளந்தேன். இடது 45 செ.மீ., வலது 42. அறுவைக்கு முன் ஒருமுறை அளந்து இங்கேயே எழுதுகிறேன்.